தமிழ்ப் பேராசிரியருக்கு எச்-இன்டெக்ஸ் 2, இயற்பியல் பேராசிரியருக்கு 27: இரண்டையும் ஒரே தராசில் வைக்கலாமா?

நீங்கள் கேட்டதைச் சுருக்கினால் இவ்வளவுதான். நாகர்கோவில் பக்கத்துக் கல்லூரி ஒன்றில் தமிழில் பிஎச்.டி. பதிவு செய்யப் போகிறீர்கள். கைடாக நினைத்திருப்பவருக்கு, ஆய்வுக் கட்டுரைகளைத் தேடித் தரும் கூகுள் ஸ்காலரின் பக்கத்தில் எச்-இன்டெக்ஸ் 2, மொத்த சைட்டேஷன் (பிறர் தம் எழுத்தில் அவரை மேற்கோள் காட்டிய எண்ணிக்கை) 19. அதே கல்லூரியின் இயற்பியல் பேராசிரியருக்கு எச்-இன்டெக்ஸ் 27, சைட்டேஷன் 2,400க்கு மேல். ‘உலகின் முதல் 2 சதவீத விஞ்ஞானி’ என்று வாசலில் ஃபிளெக்ஸ் வேறு வைத்திருக்கிறார்கள். இன்ஜினியரிங் படித்த உங்கள் அண்ணன், “ரெண்டு வச்சிருக்கவர்கிட்ட போய் என்னத்தப் படிக்கப் போற?” என்கிறார். இதற்குள் இரண்டு கேள்விகள் பின்னிக் கிடக்கின்றன. இரு துறைகளின் எண்களை ஒப்பிடலாமா என்பது ஒன்று. இந்தத் தமிழ் ஆசிரியர் உங்களுக்கு நல்ல கைடா என்பது மற்றொன்று. முதலாவதற்குத் தயக்கமில்லாத பதில் உண்டு: கூடாது. இரண்டாவதற்கு அந்த எண்ணிலிருந்து பதில் கிடைக்காது. ஆளையும் பேப்பரையும் பார்க்காமல் நானும் தீர்ப்புச் சொல்ல முடியாது. ஆனால் எதைப் பார்க்க வேண்டும் என்று சொல்லலாம்.

முதலில் அந்த எண் எப்படி வருகிறது என்று பார்த்துவிடுவோம். ஒருவரின் பேப்பர்களை, அதிக சைட்டேஷன் பெற்றது மேலே வரும்படி அடுக்குங்கள். ஒன்பது பேப்பர், அவற்றுக்கு முறையே 40, 18, 9, 6, 5, 5, 3, 1, 0 என்று வைத்துக்கொள்வோம். வரிசை எண்ணுக்குக் குறையாத சைட்டேஷன் இருக்கும் கடைசி இடம்தான் எச்-இன்டெக்ஸ். ஐந்தாவது பேப்பருக்கு 5 இருக்கிறது, சரி. ஆறாவதுக்கும் 5தான், 6 இல்லை. ஆகவே எச்-இன்டெக்ஸ் 5. பத்தோ அதற்கு மேலோ சைட்டேஷன் வாங்கியவை இரண்டுதான், அதனால் கூகுள் காட்டும் ஐ10-இன்டெக்ஸ் 2. முதல் பேப்பரின் 40 நாளைக்கு 400 ஆனாலும் எச்-இன்டெக்ஸ் அசையாது. ஒரே ஒரு பெரிய கண்டுபிடிப்பு செய்தவரை இந்த அளவுகோல் கண்டுகொள்ளாது. விடாமல் எழுதிக்கொண்டே இருப்பவருக்குத்தான் இது சாதகம். மொத்த எண்ணிக்கைக்கு உள்ள ஆபத்து நேர் எதிரானது. புரதத்தை அளக்கும் முறை பற்றி லௌரியும் உடனாளர்களும் 1951இல் எழுதிய பேப்பர் மூன்று லட்சத்துக்கும் அதிகமான முறை மேற்கோள் காட்டப்பட்டிருக்கிறது. அறிவியலின் ஆகப் பெரிய கண்டுபிடிப்பு என்பதால் அல்ல. சோதனைக்கூடத்தில் அந்த முறையைக் கையாண்ட எல்லோரும் அதைக் குறிப்பிட வேண்டியிருந்தது என்பதால்.

எச்-இன்டெக்ஸை 2005இல் முன்வைத்தவர் ஹோர்கே ஹிர்ஷ் என்ற இயற்பியலாளர். கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான் டியாகோ வளாகத்தில் இருந்தவர். இயற்பியலாளர்களை மனதில் வைத்துத்தான் எழுதினார். இருபது ஆண்டு வேலைக்குப் பின் 20 இருந்தால் வெற்றிகரமான விஞ்ஞானி என்று அவர் சொன்னதும் இயற்பியலுக்கு. அதே கட்டுரையில் அவரே துறைக்குத் துறை வேறுபாட்டைக் காட்டிவிட்டார்: இயற்பியலில் உச்சத்தில் இருந்த எட்வர்ட் விட்டனுக்கு அப்போது 110, உயிரியலில் உச்சத்தில் இருந்த சாலமன் ஸ்னைடருக்கு 191. அறிவியலின் இரண்டு பெரிய துறைகளுக்கு இடையிலேயே இத்தனை தூரம். இயற்பியலுக்குத் தைத்த சட்டையைத் தமிழுக்குப் போட்டுப் பார்த்துவிட்டு, தோள் பிடிக்கவில்லை என்று தமிழைக் குறை சொல்கிறோம்.

வேறுபாடு எங்கிருந்து வருகிறது? ஒரு பேப்பரின் கடைசியில் எத்தனை ரெஃபரன்ஸ் போடுவது வழக்கம், அந்தத் துறையில் எத்தனை பேர் எழுதுகிறார்கள், எவ்வளவு சீக்கிரம் எழுதுகிறார்கள், ஒரு பேப்பரில் எத்தனை பெயர் இருக்கும் என்ற நான்கும் சேர்ந்துதான் எண்ணை உருட்டுகின்றன. மருத்துவத்திலும் உயிர்வேதியியலிலும் பட்டியல் நீளம், ஆட்கள் அதிகம், ஆறு மாதத்தில் அடுத்த பேப்பர் வந்துவிடும். கணிதத்தில் பட்டியல் சின்னது, ஒரு தேற்றத்தை அடுத்தவர் எடுத்துப் பயன்படுத்தவே பல ஆண்டுகள் ஆகும். மரச்சீனியை நட்ட பத்தாம் மாதம் பிடுங்கிவிடலாம், ரப்பரில் முதல் வெட்டுக்கு ஆறேழு வருடம் காத்திருக்க வேண்டும். இரண்டுக்கும் முதல் வருட முடிவில் கணக்குப் பார்த்தால் ரப்பர் போட்டவன் முட்டாளாகத்தான் தெரிவான். இம்பாக்ட் ஃபேக்டர் செய்வது ஏறக்குறைய அதுவே. ஒரு ஜர்னலின் முந்தைய இரண்டு ஆண்டுக் கட்டுரைகளுக்கு இந்த ஆண்டு வந்த சைட்டேஷனை, அந்தக் கட்டுரைகளின் எண்ணிக்கையால் வகுக்கிறார்கள். இரண்டே ஆண்டு! கணிதத்தின் தலைசிறந்த ஜர்னல்களுக்கே ஒற்றை இலக்கம்தான் வருகிறது. புற்றுநோய் மருத்துவ ஜர்னல் ஒன்று நூற்றுக்கணக்கில் நிற்கிறது.

இதை நம் கடற்கரையிலேயே காணலாம். மணவாளக்குறிச்சி மணலில் தோரியம் கொண்ட மோனசைட் என்ற கனிமம் இருப்பதால் அங்கே இயற்கைக் கதிரியக்கம் அதிகம். அதை அளந்து ஒருவர் பேப்பர் எழுதுகிறார். அப்படிப்பட்ட பேப்பர் ஒவ்வொன்றிலும் கடைசிக்கு முன்னால் ஓர் அட்டவணை வரும்: எங்கள் மணலில் தோரியம் இவ்வளவு, பிறர் அளந்ததில் கேரளத்துச் சவறாவில் இவ்வளவு, பிரேசிலின் குவாராபாரியில் இவ்வளவு என்று. அட்டவணையின் ஒவ்வொரு வரியும் யாரோ ஒருவருக்கு ஒரு சைட்டேஷன். நாளை எகிப்திலோ துருக்கியிலோ ஒருவர் தன் ஊர்க் கடற்கரையை அளந்தால், தன் அட்டவணைக்கு மணவாளக்குறிச்சி வரியையும் எடுத்துக்கொள்வார். உள்ளூர்ப் பொருள், ஆனால் துறையின் வழக்கமே அதற்கு உலக வாசகரைக் கொண்டுவந்து சேர்க்கிறது. இதே மாவட்டத்தின் வில்லுப்பாட்டைப் பற்றி ஒருவர் பத்து வருடம் களப்பணி செய்து எழுதினால், அதை எடுத்தாள்பவர்கள் வில்லுப்பாட்டைப் பற்றி எழுதும் சிலர் மட்டுமே. எகிப்தில் யாருக்கும் அந்த வரி தேவைப்படாது. உழைப்பில் குறைவா? இல்லை. அட்டவணை இல்லாத துறை, அவ்வளவுதான்.

கணிதத்துக்குள்ளும் இந்த வேடிக்கை உண்டு. திருநெல்வேலி, குமரிப் பக்கக் கல்லூரிகளில் பலரும் கை வைக்கும் கிராஃப் லேபிளிங்கை (புள்ளிகளும் கோடுகளுமான வரைவுகளுக்கு விதிப்படி எண் இடும் கணிதம்) எடுத்துக்கொள்ளுங்கள். அந்தத் துறையில் வரும் பேப்பர்களையெல்லாம் தொகுத்துப் புதுப்பித்துக்கொண்டே வரும் ஒரு பெரிய சர்வே இருக்கிறது. ஆயிரக்கணக்கான பேப்பர்களின் பெயர் அதில் ஏறியிருக்கிறது. அதில் இடம்பிடித்தால் வேறு யாரும் படிக்காவிட்டாலும் ஒரு சைட்டேஷன் வந்துவிடும். எண் கணிதத்திலோ டோப்பாலஜியிலோ இருப்பவருக்கு அந்த வசதி கிடையாது.

கூட்டு ஆசிரியர் விஷயம் இன்னும் பெரியது. ஹிக்ஸ் துகளின் நிறையைப் பற்றி, ஐரோப்பாவின் துகள் இயற்பியல் ஆய்வகமான செர்னின் இரு குழுக்கள் சேர்ந்து 2015இல் வெளியிட்ட பேப்பரில் 5,154 ஆசிரியர்கள். 33 பக்கத்தில் 24 பக்கம் பெயரும் முகவரியுமே. அதற்கு வரும் ஒவ்வொரு சைட்டேஷனும் 5,154 பேர் கணக்கிலும் முழுசாக ஏறும். நம் கல்லூரிகளில் அந்த அளவுக்குப் போவதில்லை. ஆனால் பொருளறிவியல், நானோ பேப்பரில் ஐந்தாறு பெயர் சாதாரணம். தமிழ்க் கட்டுரையில் ஒற்றைப் பெயர், மிஞ்சினால் ஆய்வு மாணவரும் கைடுமாக இரண்டு. பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசியின் 2018ஆம் ஆண்டு விதியே, ஆசிரியர்களுக்குத் தரும் ஆய்வுப் புள்ளியைப் பங்குபோடச் சொல்கிறது: இருவர் எழுதினால் ஆளுக்கு 70 சதவீதம், இருவருக்கு மேல் என்றால் முதன்மை ஆசிரியருக்கு 70, மற்றவர்களுக்குத் தலா 30. கூகுள் ஸ்காலர் இந்தப் பங்கு எதையும் பார்ப்பதில்லை. அதே விதியில் ஒரு கட்டுரைக்கு அறிவியலாருக்கு 8 புள்ளி, மொழி, கலைத் துறையாருக்கு 10. தேசியப் பதிப்பகத்தில் நூல் வந்தால் 10 என்று அதற்கும் தனி இடம் உண்டு. கணக்குப் பிள்ளைகளான யுஜிசிக்காரர்களுக்கே தெரிந்த வேறுபாடுதான் இது.

இனி உங்கள் கைடின் 19க்கு வருவோம். இங்கே சிக்கல் ‘தமிழ்த் துறையில் குறைவாக மேற்கோள் காட்டுகிறார்கள்’ என்பதோடு முடியவில்லை. காட்டிய மேற்கோளையே இயந்திரம் படிப்பதில்லை. தமிழாய்வின் முதன்மையான விளைச்சல் நூல். கட்டுரை இரண்டாம் இடம். அந்த நூல்களின் அடிக்குறிப்புகள், கட்டுரைகளையும் மேற்கோள்களையும் தொகுக்கும் தரவுத்தளங்களான ஸ்கோப்பஸிலும் இல்லை, வெப் ஆஃப் சயன்ஸிலும் இல்லை. தமிழ் இதழ்கள் பெரும்பாலும் அச்சோடு சரி. இணையத்தில் பி.டி.எஃப். ஏற்றியிருந்தாலும் பல பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்தவை. பாமினியில் ‘தமிழ்’ என்று நம் கண்ணுக்குத் தெரிவது, உள்ளே கணினிக்கு ஜே, கே, பி, ஓ, ஓர் அரைப்புள்ளி. தேடுபொறி படிப்பது அந்த ஐந்தைத்தான். உங்கள் கைடின் பெயரும் நூல்தலைப்பும் அப்படியே குப்பையாகத்தான் அதற்குள் போகும், எதனோடும் பொருந்தாது. யூனிகோடில் இருந்தாலும் கூகுள் எதிர்பார்ப்பது ‘ரெஃபரன்சஸ்’, ‘பிப்ளியோகிராஃபி’ போன்ற வழக்கமான ஆங்கிலத் தலைப்பு. ‘துணைநூற்பட்டியல்’ என்று போட்டால் கணக்கில் ஏறாமல் போகவே வாய்ப்பு அதிகம். கே.கே. பிள்ளை சுசீந்திரம் கோவிலைப் பற்றி 1953இல் வெளியிட்டது ஆங்கில நூல். அதற்கே தமிழில் எழுதப்பட்ட கோவில் வரலாறுகளின் அடிக்குறிப்புகள் கணக்கில் சேராது என்றால், தமிழிலேயே எழுதியவரின் கதி என்ன?

இன்னொன்று. சங்க இலக்கியத்தில் ஆய்வு செய்பவர் பக்கத்துக்குப் பக்கம் மூலத்தையே மேற்கோள் காட்டுவார். சைட்டேஷனெல்லாம் கபிலருக்கும் ஔவையாருக்கும் போய்விடுகிறது. அவர்களுக்கு கூகுள் ஸ்காலரில் கணக்கு இல்லை. மேலும், ஓர் ஆய்வேட்டில் ‘மேலது, மேலது’ என்று இருபது இடத்தில் ஒருவருடைய நூலோடு மல்லுக்கட்டியிருந்தாலும் எண்ணிக்கை ஒன்றுதான். போகிற போக்கில் ஏழெட்டுப் பெயரோடு சேர்த்து ஒரு அடைப்புக்குறிக்குள் தள்ளியிருந்தாலும் ஒன்றுதான். மனிதவியல் துறைகளில் முதல் வகை அதிகம், ஆய்வகத் துறைகளில் இரண்டாம் வகை அதிகம்.

துறைகளை ஒப்பிடவே வேண்டும் என்றால் அதற்கு வழி இல்லாமல் இல்லை. ஸ்கோப்பஸ் தரவில் ஃபீல்டு வெயிட்டட் சைட்டேஷன் இம்பாக்ட் என்று ஒன்று கணக்கிடுகிறார்கள். ஒரு பேப்பர் பெற்ற சைட்டேஷனை, அதே துறையில், அதே ஆண்டில், அதே வகைக் கட்டுரைகள் பெற்ற உலகச் சராசரியால் வகுப்பது. 1 வந்தால் சராசரி. கணக்கு புரிவதற்காக மட்டும் ஓர் எடுத்துக்காட்டு: ஒரு நானோ பேப்பருக்கு 30, அத்துறைச் சராசரி 25 என்றால் 1.2. ஒரு வரலாற்றுக் கட்டுரைக்கு 4, சராசரி 2 என்றால் 2.0. நான்கு வாங்கியவர் முப்பது வாங்கியவரை முந்திவிடுகிறார். கொள்கை சரி, ஆனால் தனி ஆளுக்குப் போடும்போது கவனம் வேண்டும். பத்துப் பதினைந்து பேப்பர் மட்டும் உள்ளவருக்கு ஒரே ஒரு பேப்பர் எகிறினால் சராசரியே மாறிவிடும். தமிழுக்கோ இது உதவவே உதவாது. ஸ்கோப்பஸில் இல்லாத கட்டுரைக்கு மேலேயும் எண் இல்லை, கீழேயும் எண் இல்லை.

அந்த ஃபிளெக்ஸ் விஷயம். முதல் 2 சதவீதப் பட்டியலை ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகம் கொடுக்கும் விருது என்று பலர் நினைக்கிறார்கள். அங்கே பணியாற்றும் ஜான் அயோனிடிஸும் உடனாளர்களும் ஸ்கோப்பஸ் தரவிலிருந்து தயாரித்து வெளியிடும் தரவுத்தொகுப்பு அது. யாரும் விண்ணப்பிப்பதில்லை, யாரும் நேர்காணல் செய்வதில்லை. மொத்த சைட்டேஷன், எச்-இன்டெக்ஸ், கூட்டு ஆசிரியர்களுக்கேற்பக் குறைத்த எச்-இன்டெக்ஸ், தனியாகவும் முதல் ஆளாகவும் கடைசி ஆளாகவும் எழுதியவற்றுக்கு வந்தவை என்று ஆறு அளவுகளைச் சேர்த்து ஒரு புள்ளி போடுகிறார்கள். வெறும் எச்-இன்டெக்ஸைவிட இது மேல் என்பது என் கருத்து. 174 உட்துறைகளாகப் பிரித்தும் பார்க்கிறார்கள். பட்டியல் இரண்டு: வாழ்நாள் முழுவதற்கும் ஒன்று, ஒரே ஆண்டுக்கு மட்டும் ஒன்று. ஃபிளெக்ஸில் எது என்று போடமாட்டார்கள், கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். சுய மேற்கோளைக் கழித்த தரமும் கழிக்காத தரமும் பக்கத்துப் பக்கத்து நெடுவரிசையில் இருக்கும். இரண்டுக்கும் பெரிய இடைவெளி இருந்தால் யோசிக்க வேண்டும். கோப்பு எல்லோருக்கும் இலவசம். தமிழில் மட்டும் எழுதும் ஒருவர், அவர் எத்தனை பெரிய அறிஞராக இருந்தாலும், இதில் வர வழியே இல்லை.

27ஐச் சந்தேகிக்கச் சொல்லவில்லை. இருபது வருடத்துக்கு மேல் ஆய்வகத்தில் நின்ற இயற்பியலாளருக்கு அது இயல்பான, நல்ல எண். ஆனால் எந்த ஸ்காலர் பக்கத்தையும் அப்படியே நம்பக்கூடாது. நம் ஊர்ப் பெயர்முறையில் ஒரு வில்லங்கம் இருக்கிறது. ஒரே பெயர், முன்னால் ஓர் எழுத்து. எஸ். ராஜன் என்று தென் தமிழகத்தில் எத்தனை பேர்! பக்கத்தில் கட்டுரைகள் தாமாக வந்து சேரும்படி விட்டிருந்தால், வேறொரு ராஜனின் நெற்பயிர் நோய்க் கட்டுரையும் வந்து உட்கார்ந்துகொள்ளும். ‘ஆண்டு’ என்பதைத் தட்டி வரிசைப்படுத்தி, கடைசிவரை இறங்கிப் பாருங்கள். அவர் பத்தாம் வகுப்பு படித்த வருடத்தில் ஒரு பேப்பர் இருந்தால் அது அவருடையதல்ல. ஸ்கோப்பஸில் நோய் தலைகீழ்: எஸ். ராஜன், ராஜன் எஸ்., தந்தை பெயரை விரித்து எழுதிய ராஜன் என்று ஒரே ஆள் மூன்றாகப் பிரிந்து கிடப்பார், எண் குறைவாகத் தெரியும். கட்டணம் இல்லாமலே ஸ்கோப்பஸ் ஆசிரியர் பக்கத்தைப் பார்க்கலாம். கூகுளில் 27 இருப்பவருக்கு அங்கே 20 இருந்தால் பதற வேண்டாம். கூகுள் ஆய்வேடு, கருத்தரங்க மலர் எல்லாவற்றையும் எண்ணும், ஸ்கோப்பஸ் தன் பட்டியலில் உள்ளதை மட்டும் எண்ணும். பாதிக்கும் கீழே போனால் மட்டும் காரணம் தேடுங்கள். பேப்பர் திரும்பப் பெறப்பட்டதா என்பதையும் பார்க்கலாம். ஹிந்தாவி என்ற ஒரே பதிப்பகம் 2023இல் மட்டும் எட்டாயிரத்துக்கும் மேல் திரும்பப் பெற்றது.

சைட்டேஷன் அதிகம் என்றால் ஆய்வு சரியானது என்று பொருளா? மற்றவர்கள் கவனித்தார்கள் என்பது உறுதி. சரியென்று ஒப்புக்கொண்டார்கள் என்பது உறுதியல்ல. தப்பென்று காட்டவும் மேற்கோள் காட்டுவார்கள். ஆயிரக்கணக்கான பேப்பரைச் சேர்த்துப் பார்க்கும்போது எண்ணுக்கும் தரத்துக்கும் ஓரளவு உறவு தெரியும். ஒற்றை ஆளிடம் வரும்போது அந்த உறவு மங்கிவிடுகிறது. பணி நியமனத்திலும் நிதி ஒதுக்கீட்டிலும் ஜர்னலின் எண்ணை வைத்து ஆளை மதிப்பிடாதீர்கள் என்று, ஆய்வை மதிப்பிடுவது பற்றிய 2012இன் சான் பிரான்சிஸ்கோ அறிக்கை கேட்டுக்கொண்டது இதனால்தான். 2015இன் லைடன் அறிக்கை ஒரு படி மேலே போய், உள்ளூர் மொழியில், உள்ளூர்ப் பொருளில் நடக்கும் சிறந்த ஆய்வைத் தனியாகப் பாதுகாக்க வேண்டும் என்றே ஒரு கோட்பாடு வைத்திருக்கிறது.

அப்படியானால் கைடை எப்படிப் பார்ப்பது? அவர் எழுதியவற்றில் சிறந்தவை என்று அவரே நினைக்கும் மூன்றைக் கேட்டு வாங்கிப் படியுங்கள். புதிதாக ஒரு சுவடியோ கல்வெட்டோ களத்தரவோ கொண்டுவந்திருக்கிறாரா, அல்லது நான்கு நூல்களைச் சுருக்கி ஐந்தாவது எழுதியிருக்கிறாரா என்பது பத்துப் பக்கத்தில் தெரிந்துவிடும். பிறகு இந்தியப் பல்கலைக்கழக ஆய்வேடுகளின் இணையக் களஞ்சியமான சோத்கங்காவில் அவரது பெயரைக் கைடாகப் போட்டுத் தேடுங்கள். அவரிடம் முடித்தவர்களின் ஆய்வேடுகள் கிடைக்கும். பதிவு செய்த ஆண்டும் சமர்ப்பித்த ஆண்டும் இருக்கும் இடத்தில் இடைவெளியைக் கணக்கிடுங்கள். துணைநூற்பட்டியலில் கடந்த பத்தாண்டு நூல்கள் இருக்கின்றனவா என்று பாருங்கள். எல்லா ஏடுகளுக்கும் ஒரே இயல் பகுப்பு, ஒரே முன்னுரை என்றால் அது நல்ல அறிகுறி இல்லை. அதே தலைப்பில் வெளிவந்த பிறர் நூல்கள் நான்கைந்தை நூலகத்தில் எடுத்து, பின்பக்கப் பட்டியலில் இவர் பெயர் வருகிறதா என்று புரட்டுங்கள். ஒரு மத்தியான வேலைதான். கூகுள் சொன்ன 19ஐவிட அது நம்பகமானது. உங்கள் அண்ணனுக்கும் காட்டலாம்.

உங்கள் பக்கத்தில் செய்ய வேண்டியதும் உண்டு. முதல் கட்டுரைக்கு முன்பே, ஆய்வாளரை அடையாளம் காட்டும் ஆர்கிட் எண் ஒன்று எடுத்துவிடுங்கள். பதினாறு இலக்கம், இலவசம். பெயரை ஆங்கிலத்தில் ஒரே எழுத்துக்கூட்டலில், இனிஷியலை ஒரே இடத்தில் வைத்து, கடைசிவரை மாற்றாமல் எழுதுங்கள். யூனிகோடில் மட்டும் தட்டச்சு செய்யுங்கள், ஆங்கிலத்தில் தலைப்பும் சுருக்கமும் சேருங்கள். தரமான இதழ்கள் என்று யுஜிசி தொகுத்திருந்த கேர் பட்டியலில் உள்ள இதழா என்று இன்னும் சிலர் கேட்பார்கள். அந்தப் பட்டியலை 2025 பிப்ரவரியில் யுஜிசியே கைவிட்டுவிட்டது. பணம் கட்டினால் ஒரு வாரத்தில் போடுகிறோம் என்று வரும் வாட்ஸ்அப் செய்திகளுக்கு அது இன்னும் தெரியாது.

பதிவுக்கு முன் அலுவல் ரீதியாகச் சரிபார்க்க வேண்டியவற்றில் எச்-இன்டெக்ஸ் இல்லவே இல்லை. யுஜிசியின் 2022 பிஎச்.டி. விதிப்படி கைடாக இருக்க, உதவிப் பேராசிரியர் என்றால் பிஎச்.டி.யும் தரமதிப்பீடு செய்யும் இதழ்களில் மூன்று கட்டுரையும், இணைப் பேராசிரியர், பேராசிரியர் என்றால் ஐந்தும் போதும். ஒரே நேரத்தில் உதவிப் பேராசிரியர் நான்கு பேரையும், இணைப் பேராசிரியர் ஆறு பேரையும், பேராசிரியர் எட்டுப் பேரையும்தான் வைத்திருக்கலாம். ஓய்வுக்கு மூன்று ஆண்டுக்குக் கீழ் இருந்தால் புதிதாக யாரையும் எடுக்க முடியாது. உங்கள் கைடிடம் இடம் காலியா, அவர் எந்த ஆண்டில் ஓய்வு பெறுகிறார் என்ற இரண்டையும் அவரிடமே கேளுங்கள். சங்கடப்பட வேண்டாம், எல்லோரும் கேட்பதுதான். அதற்குமேல் பல்கலைக்கழகம் தனியாக ஏதாவது நிபந்தனை வைத்திருக்கிறதா என்பதை ஆய்வுப் பிரிவில் நேரில் போய், சுற்றறிக்கை நகலோடு வாங்கிக்கொள்ளுங்கள்.